யார் நடப்பது?

பொழுது புலருமுன்னே வண்டி வந்துவிடுகிறது. ஊர் முனையிலே நின்று ஒலி எழுப்புகிறது. தலையை முழுதும் வாரி முடிக்க நேரமின்றி, கையிலே தூக்குவாளியுடன் கருக்கலிலே ஓடிவந்து ஏறுகிறார்கள் பெண்கள். சாத்தூர்ப் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் — பட்டாசுத் தொழிற்சாலைகள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன வண்டிகள். ஒருத்தி இரண்டு நிமிடம் பிந்தினால் வண்டி அவளுக்காகக் காத்து நிற்பதும் உண்டு. ஆம், காத்து நிற்கும்! தீபாவளி நெருங்கும் மாதங்களில் கைகளின் மதிப்பு அப்படி.

அதே தெருவில், ஐந்தாறு வீடுகளுக்கு அப்பால், கயிற்றுக் கட்டிலில் ஒரு மூதாட்டி. ஆண்டுக்கணக்கில் நீரிழிவு. வலது பாதத்தில் புண். தரையில் ஊன்றினால் உயிர் போகிறது. அவருக்கும் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, மருத்துவரிடம். அவருக்காக எந்த வண்டியும் ஊர் முனையில் ஒலி எழுப்புவதில்லை. அவருடைய பேரன் நம்மிடம் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். ஒரே வாரத்தில் மூன்று நாள் அவனைக் காணோம், கேட்டோம். "அப்பத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். அம்மா லீவு போட்டா கூலி போயிரும்" என்றான்.

உழைக்கும் கையை வீட்டு வாசலிலிருந்து அள்ளிக்கொண்டு போக வழி கண்ட அறிவு, நடக்க முடியாத காலிடம் மருத்துவரைக் கொண்டுவர மட்டும் வழி காணாது திகைத்து நிற்பானேன்? கை நலமாக இருக்கும்போது சுருங்குகிற தொலைவு, கால் புண்ணாகும்போது மட்டும் நீள்கிறதா?

எங்கள் வட்டாரத்திலே 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கந்தகமும் அலுமினியத் தூளும் பிறவும் சேர்ந்த வெடிக் கலவைக்கும் மருந்து என்றுதான் பெயர். அதைக் குழலிலே இடுவது மருந்து செலுத்துதல். கலக்கும் இடம் மருந்து அறை. அந்த மருந்துக்கு ஆள் வேண்டுமென்றால் வாசலுக்கு வண்டி வரும். பெட்டி ஒட்டவும் குழல் சுருட்டவும் வேண்டுமென்றால், அட்டையும் தாளும் பசையும்கூடத் தரகர் வழியாகத் திண்ணைக்கே வரும். முடிந்த சரக்கை எடுத்துப்போக அவரே மறுபடியும் வருவார். வேலை வீடு தேடி வருகிறது. கடன் கொடுத்தவர் வீடு தேடி வருகிறார். பேய் ஓட்டுகிறவர், உடுக்கையும் வேப்பிலையுமாக, சொல்லியனுப்பிய அன்றே வருகிறார். பட்டமில்லாமல் ஊசி போடுகிறவரும் இருசக்கர வண்டியில் வருகிறார், இரவு பத்து மணிக்கும் வருகிறார். படித்துத் தேறிய மருத்துவர்தாம் வருவதில்லை.

உடனே மருத்துவர்மீது பாய்ந்துவிட வேண்டாம். "ஈரமற்ற நெஞ்சு, காசாசை" என்று நாலு வசவை வீசிவிட்டு அறம் பேசிவிட்டதாக நிறைவு கொள்வது எளிது. மேடைக்கு நன்றாகவும் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விருதுநகர் கணக்குக்குப் பெயர்போன ஊர்! பருப்பும் மிளகாயும் எண்ணெயும் எங்கெங்கோ விளைய, அவற்றின் விலையை இங்கிருந்து சொன்ன சந்தை அது. அந்த மண்ணில் இருந்துகொண்டு கணக்குக்கு அஞ்சலாமா?

மருத்துவர் தம் மருத்துவ அறையில் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேரைப் பார்க்கிறார், ஆளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப்புறத்து வீடு ஒன்றுக்குப் போய்வர அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு வீடு 2000 ரூபாய் தந்தால்தான் அவருக்கு இழப்பில்லை. மூதாட்டியின் வீட்டிலே ஏது 2000? எனவே வருவதில்லை. மருத்துவரின் பக்கம் கணக்கு முடிந்தது.

மறுபக்கத்துக் கணக்கை யாராவது எழுதியதுண்டா? ஆட்டோவுக்குப் போகவர 500. உடன் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, 450 என்று வையுங்கள். மருத்துவமனை அரசினுடையதாக இருந்து, சீட்டும் மாத்திரையும் இலவசமாகவே கிடைத்தாலும், 950 ரூபாய் செலவழித்த பிறகுதான் அந்த இலவசத்தின் வாசற்படியை மிதிக்க முடிகிறது. உருப்படிக் கூலிக்காரிக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை. எண்ணி வைத்த சரத்துக்கே காசு. எண்ணாத நாள் செத்த நாள். உடன் போகப் பேரனை அனுப்பினாலோ கூலி தப்புகிறது, பாடம் போகிறது. அந்த இழப்புக்கு ரூபாய்க் கணக்கு போட நமக்குத் தெரியவில்லை.

ஆக, நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சாலைக்கு ஒரு செலவு உண்டு. மருத்துவர் நடந்தால் அவர் தலையில். நோயாளி நடந்தால் அவர் தலையில். மருத்துவர் வர மறுக்கும்போது செலவு ஒழிந்துபோய்விடவில்லை. தாங்க வலுவில்லாத தலைக்கு மாறிக்கொண்டது, அவ்வளவே. நோய் முற்ற முற்ற நடை அரிதாகும். நடை அரிதாக அரிதாகச் செலவு ஏறும். மிகவும் நோயுற்றவரே மிகுதியாகச் செலுத்தும்படி அமைந்த வரி இது. எந்தச் சட்டமன்றமும் இயற்றாத வரி!

இனி ஒரு படி மேலே போவோம். அதே ஊரில் நடக்க முடியாதவர் பத்துப் பேர் இருந்தால்? ஒவ்வொருவரும் தனித்தனியே போனால் வழிச் செலவு மட்டும் 9500 ரூபாய். மருத்துவர் ஒரே நடையில் வந்து பத்து வீட்டையும் பார்த்துத் திரும்பினால் மூன்று மணி நேரம் போதும். அவருடைய விலைப்படி அது 6000. ஊர் மொத்தத்துக்கும் ஆதாயம்! அங்கே காத்திருக்கும் முப்பது பேர் என்னாவது என்பீர்கள். அவர்களிலே பெரும்பாலோர் நடக்க வல்லவர்கள்; பிற்பகலில் வரலாம். ஒருவருக்காக வருவது நட்டம், பத்துப் பேருக்காக வருவது மிச்சம் என்றால், வராததற்குக் காரணம் தொலைவு அன்று. பத்துப் பேரையும் சேர்த்து எண்ண ஓர் ஆள் இல்லை.

விடியற்காலை வண்டியின் கதை இப்போது விளங்குகிறது. தனி ஒருத்தி தன் கூலியிலிருந்து அந்த வண்டிக்கு வாடகை கொடுக்க முடியுமா? முடியாது. ஆனால் இருபது கைகளைச் சேர்த்து எண்ண ஒருவர் இருக்கிறார். எண்ணுவதிலே அவருக்கு ஆதாயம் இருக்கிறது. புண்பட்ட கால்களைச் சேர்த்து எண்ணுவதில் எவருக்கும் ஆதாயமில்லை. எனவே அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டிலில் கிடக்கின்றன.

"அந்தக் காலத்தில் இப்படியா? தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரே வீட்டுக்கு வருவாரே!" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் உண்டு. வந்தார்கள், மறுக்கவில்லை. உலகெங்கும் வந்தார்கள். அமெரிக்காவில் 1930 வாக்கில் மருத்துவரும் நோயாளியும் சந்தித்ததில் ஏறத்தாழ 40 விழுக்காடு நோயாளியின் வீட்டிலேயே நடந்தது. 1980க்குள் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. கருவிகள் பெருகின, அவை பெட்டிக்குள் அடங்கவில்லை. கார் பெருகியது, நோயாளியே வரலாயினார். அது இயல்பான மாறுதல். ஆனால் நம் பெரியவர்கள் நினைவிலிருக்கும் அந்தத் தோல் பெட்டி எந்தத் தெருவுக்குள் நுழைந்தது? பேட்டைத் தெருவின் காரை வீடுகளுக்குள் நுழைந்தது. சேரிக்குள்ளும் நுழைந்ததா? தீக்குச்சி அடுக்கியவளின் குடிசைக்குள் நுழைந்ததா? பெருமூச்சு விடுகிறவர்கள் கொஞ்சம் நினைவைக் கிளறிச் சொல்லட்டும்.

"பணக்காரரிடம் மிகுதியாக வாங்கி, ஏழையிடம் வாங்காமலே பார்த்தார்களே" என்பார்கள். 1958இல் ரூபன் கெஸ்ஸல் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இந்த வழக்கத்தையே ஆராய்ந்து, இது அறச்செயல் அன்று, போட்டியை அடைத்துவிட்ட சந்தையில் ஆளைப் பார்த்து விலை மாற்றும் வணிகமே என்று வாதிட்டார். நாம் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. உள்ளன்போடு செய்தவர்களை நாம் அறிவோம், நாடும் அறியும். சென்னை வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் மருத்துவர் என்று பெயர்பெற்று 2018இல் மறைந்தவர் ஜெயச்சந்திரன். வியாசர்பாடியில் இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய்க்கு மேல் போகாமலிருந்து 2020இல் மறைந்தவர் திருவேங்கடம். இவர்களைக் குறைத்துப் பேசும் நா நமக்கில்லை.

ஆயினும் ஒன்று கேட்போம். ஓர் ஊரின் உயிர், ஒரு மனிதரின் நற்குணத்தில் தொங்கலாமா? அவர் நல்லவராக இருக்கும்வரை, நலமாக இருக்கும்வரை மட்டுமே நமக்கு மருத்துவம் என்றால், அதற்குப் பெயர் உரிமையா? தருமத்திலே இன்னொரு நோவும் உண்டு. வாங்குகிறவர் கைகட்டி நின்றாக வேண்டும். தாமதமாக வந்தாலும் கேட்க முடியாது, கடிந்து பேசினாலும் முகம் சுளிக்க முடியாது. "இவ்வளவாவது செய்கிறாரே" என்று வாயடைத்து நிற்க வேண்டும். தன்மானத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் உடல் நலம் பெற்று வருவது என்ன நலம்?

அப்படியானால் வேறு வழி உண்டா? உண்டு; அதுவும் நம் காலடியிலேயே கிடக்கிறது. இந்த ஊரின் வணிகர்கள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். விற்பனை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பங்கு பொதுவில் சேரும். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்துப் பள்ளி நடத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததே. காமராசர் படித்த பள்ளி அது. யாரும் யாருக்கும் பிச்சையிடவில்லை. எல்லாரும் சிறிது போட்டார்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பொதுப்பணம் ஒரு சாதியின் வேலிக்குள் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேலியை நீக்கிவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

கடல் கடந்தும் இதே முறை. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரான ட்ரெடிகரில், 1890இல் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் தொடங்கினார்கள். கூலியிலிருந்து ஆளுக்குச் சில காசுகள்; அந்தப் பணத்தில் மருத்துவருக்குச் சம்பளம். கரி படிந்த அந்தக் குடிசைகளில் நோயாளி கிடந்தால் மருத்துவர் போவார். போவது வேலை, கருணை அன்று. அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகன் அனூரின் பெவன் பின்னாளில் அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று அம்முறையையே நாடு முழுவதற்கும் விரித்தார். பிரிட்டனின் தேசிய நலப்பணி அப்படிப் பிறந்தது. அதே வேல்ஸின் இன்னொரு சுரங்க ஊரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், 1971இல் ஒரு கசப்பான உண்மையை எழுதிவைத்தார்: மருத்துவத்தைச் சந்தையிடம் விட்டால், தேவை மிகுந்த இடத்தில் மருத்துவம் குறையும், தேவை குறைந்த இடத்தில் மிகும். எழுதியதோடு நில்லாமல், தம்மிடம் வராதவர்களையும் தேடிப் பிடித்து, ஊரார் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். வலி வந்து அழைக்கும்வரை காத்திராத மருத்துவர்!

நம் நாட்டில் இதை யாரும் நினைக்கவில்லையா? நினைத்தார்கள். 1920களின் நடுவில், பனகல் அரசர் தலைமையில் நீதிக்கட்சி ஆண்டபோதே, ஊர்ப்புறத்தில் போய்க் குடியேறும் மருத்துவர்களுக்கு அரசு மானியம் தரும் திட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஊரில் போதிய வரும்படி இல்லையா, துண்டு விழுவதை நாங்கள் போடுகிறோம், ஏழையிடம் வாங்காதே என்பதே அதன் கருத்து. பிறகு 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் 56ஆம் பிரிவு, மருத்துவ உதவியை மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ அளிக்கலாம், அல்லது தொழிலாளியின் வீட்டுக்கே சென்றும் அளிக்கலாம் என்றது. வீட்டுக்கே சென்று! பெவன் தம் திட்டத்தைத் தொடங்கிய அதே ஆண்டில் நம் சட்டப் புத்தகத்தில் ஏறிய வரி அது. நாமே அண்மையில்தான் படித்தோம்; வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் அந்தக் காப்பீட்டுக்குப் போயின. அரசு தொடங்கிய மகமை என்று சொல்லலாம். ஆனால் திண்ணையில் குழல் சுருட்டுகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? வேலை வீட்டுக்குப் போனது, சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது.

விபத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எங்கள் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள். அது வேறு கணக்கு. 2012 செப்டம்பர் 5, நமக்கெல்லாம் ஆசிரியர் நாள், முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் வெந்து மடிந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். அத்தகைய வேளையில் வீட்டுக்கு வரும் மருத்துவர் பயன்படார். விரைந்தோடும் வண்டியும் தீக்காயப் பிரிவும் வேண்டும். நாம் பேசுவது வெடிக்காத நோய்களைப் பற்றி. ஒலி எழுப்பாமல், படம் பிடிப்போரை வரவழைக்காமல், கட்டிலிலேயே ஆளைத் தின்னும் நோய்களைப் பற்றி.

அவற்றுக்காக 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது மக்களைத் தேடி மருத்துவம். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் பெற்றது. நாம் மேலே போட்ட கணக்கை அரசே போட்டுப் பார்த்ததன் விளைவு அது: ஊரில் கிடக்கும் நோயாளிகளைச் சேர்த்து எண்ணி, ஒரே நடையில் பல வீடு. இரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை பார்க்க, மாத்திரை கொடுக்க மருத்துவர் எதற்கு? பயிற்சி பெற்ற பெண் போதும். அரிய நேரத்தை அரிய வேலைக்கு மிச்சப்படுத்தலாம். முடங்கிய கைகாலுக்குப் பயிற்சி தர இயன்முறை மருத்துவர். தீரா நோயில் கிடப்பவருக்கு ஆறுதலளிக்கும் செவிலியர். அறிவுக்கு ஒத்த ஏற்பாடு. நாம் வரவேற்கிறோம்.

வரவேற்றுவிட்டு ஒரு கேள்வியையும் வைக்கிறோம். வெயிலில் வீடுவீடாக நடக்கும் அந்தப் பெண்ணுக்குத் தரப்படுவது என்ன? ஊதியம் என்று அதற்குப் பெயரில்லை. ஊக்கத்தொகை என்று பெயர். தொழிலாளி என்று அவளுக்குப் பெயரில்லை. தன்னார்வலர் என்று பெயர். நம் துறையிலும் பார்த்தோம்: 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். மாதச் சம்பளம் வாங்கும் நாம் அதைக் கண்டு வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். மருத்துவர் நடக்கவில்லை, நோயாளி நடக்கவில்லை, சரி. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ஏழைப் பெண் ஒருத்தி நடக்கிறாள். சாலையின் செலவு இப்போது அவள் தலைக்கு ஏறியிருக்கிறது. ஒரு மெலிந்த தோளிலிருந்து இன்னொரு மெலிந்த தோளுக்குச் சுமை மாறுவதை நீதி என்று எழுதிக்கொள்ள நமக்குக் கை வரவில்லை.

மருத்துவப் பட்டத்துக்கு நாடு செலவிடுகிறது. அரசுக் கல்லூரியில் ஒருவர் கட்டும் கட்டணம் அவர் படிப்புக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. 2022 சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பட்டாசு கட்டியவளின் காசும், தீப்பெட்டி ஒட்டியவளின் காசும், அவர்கள் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் வரியாகப் போய் அந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவருகிறவர் தியாகியாக வேண்டாம். சம்பளம் பெறட்டும், வண்டி பெறட்டும், முறையான ஓய்வு பெறட்டும். வாரத்தில் ஒரு நாள், இன்ன ஊர், இன்ன தெரு, நடக்கவியலாதோர் இன்னின்னார் என்று எழுதிய பட்டியலோடு போகட்டும் என்பதைத்தான் கேட்கிறோம். அப்படிப் போவதற்கான செலவை, தொழிற்சாலை வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறவரும் பொது நிதிக்குச் செலுத்தட்டும். வாசலிலிருந்து கையை எடுத்துப்போக முடிந்தவருக்கு, அந்தக் கையைப் பெற்றவளின் காலைப் பற்றிய பொறுப்பு அறவே இல்லை என்று எந்த நூல் சொல்கிறது?

மூதாட்டியிடம் திரும்புவோம். அவர் வீட்டுக்கும் தன்னார்வலப் பெண் மாதந்தோறும் வருகிறார். சர்க்கரை அளவை அட்டையில் எழுதி, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். புண்ணை முதலில் கண்டவரும் அவரே. "இது என் கையில் இல்லை, டாக்டர் பார்க்கணும்" என்று சொன்னவரும் அவரே. ஆட்டோ பிடித்துப் போனார்கள். மருத்துவர் பரிவோடுதான் பார்த்தாராம். துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். பேரனின் கணக்கு ஏட்டில், கடைசிப் பக்கத்தில், நாம் கொடுக்காத ஒரு கணக்கு பென்சிலால் போடப்பட்டிருந்தது. மாதத்தில் 15 தடவை, தடவைக்கு 500. பெருக்கிக் கீழே 7500 என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அம்மாவின் ஒரு வாரக் கூலியை எழுதி, நாலால் பெருக்கி, கழித்துப் பார்த்திருந்தான். விடை சரியாகவே இருந்தது.